அம்புக்குறி இல்லாத குட்டிக் கீபோர்டு: நம் கல்லா மேசைக்கு ஒத்து வருமா?

மளிகைக் கடையின் கல்லா மேசையை எவ்வளவு அகலமாகச் செய்து போட்டாலும் இடம் போதுவதில்லை என்பது நம் வணிகர்கள் அனைவரும் அறிந்த சங்கதிதான். முன்பெல்லாம் மேசை மேல் ஒரு சிட்டைப் புத்தகம், ஒரு பேனா, பக்கத்தில் பணப்பெட்டி என்று இருந்தது. இன்று எலெக்ட்ரானிக் தராசு, பில் அடிக்கும் சின்ன பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், கார்டு தேய்க்கும் மெஷின், பணம் வந்து சேர்ந்ததை உரக்கச் சொல்லும் பெட்டி, இவ்வளவுக்கும் நடுவில் கம்ப்யூட்டர். வாடிக்கையாளர் தம் பையை வைக்கக்கூட இடம் இருப்பதில்லை. இந்த நெருக்கடியில்தான் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து உறுப்பினர்கள் சிலர், சின்னதாகவும் அழகாகவும் இருக்கிறதே என்று குட்டிக் கீபோர்டுகளை வாங்கி மேசை மேல் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வைத்த மறுநாளே பில் போடுகிறவரிடமிருந்து வருகிற கேள்வி எல்லாக் கடையிலும் ஒன்றுதான்: "முதலாளி, இதிலே அம்புக்குறியைக் காணோமே?"

இதைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிட முடியாது. பில்லில் ஒரு வரி பிசகினால் இருப்புக் கணக்கு பிசகுகிறது, அதைத் தொடர்ந்து வரிக் கணக்கும் பிசகுகிறது. ஆகவே இந்தக் குட்டிக் கீபோர்டு எந்தக் கடைக்கு ஒத்து வரும், எந்தக் கடைக்கு வராது, வாங்கியாகிவிட்டது என்றால் கையைப் பழக்குவது எப்படி என்பதை நம் உறுப்பினர்களுக்காகச் சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

வழக்கமான பெரிய கீபோர்டில் 104 விசைகள் உண்டு. நீளம் ஏறக்குறைய 44, 45 சென்டிமீட்டர். குட்டிக் கீபோர்டில் இருப்பது 61 விசைகளே, நீளமும் 29, 30 சென்டிமீட்டர்தான். அதாவது அரை அடி இடம் மிச்சமாகிறது. அதற்கு ஈடாக நாம் விட்டுக்கொடுப்பது என்னவென்று பார்த்தால், வலது கைப்பக்கம் கால்குலேட்டர் மாதிரி இருக்கும் எண் பலகை முழுவதும், மேல் வரிசையில் எப் 1 முதல் எப் 12 வரை, பேஜ் அப், பேஜ் டவுன், ஹோம், எண்ட், டெலீட், கடைசியாக அந்த நான்கு அம்புக்குறிகள். எண் பலகை போனது போனதுதான். மேல் வரிசை எண்களை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். மற்றவை மறைந்து இருக்கின்றன. 'எப்.என்.' என்று எழுதிய ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேறு ஒரு விசையைத் தட்டினால் அவை வேலை செய்யும். எந்த விசையைத் தட்டுவது என்பதில்தான் சிக்கல். ஒரு கம்பெனி ஐ, ஜே, கே, எல் எழுத்துகளில் அம்புக்குறியை வைத்திருக்கிறது. இன்னொன்று டபிள்யூ, ஏ, எஸ், டி எழுத்துகளில். வேறொன்று வலது கீழ் மூலையில். மெட்ரிக் முறை வருவதற்கு முன்னால் ஊருக்கு ஊர் படி அளவு வேறுபட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா, அந்தக் கதைதான்.

பில்லைத் திருத்தும் விசை

அம்புக்குறியின் முக்கியமான வேலை திருத்துவது. எழுதிக்கொண்டே போகிறவருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. சில்லறைக் கடையில் ஐந்தாறு சரக்குக்குப் பில் போடும்போது அதைத் தொடாமலே முடித்துவிடலாம். பார்கோடு ஸ்கேனர் வைத்திருக்கும் கடையில் இன்னும் சுலபம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்கேனரும் ஒரு கீபோர்டுதான். எண்களைத் தானே அடித்து என்டரையும் தானே தட்டிவிடுகிறது.

மொத்த வியாபாரத்தில் நிலைமை வேறு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சிறு கடைக்காரர்கள் கச்சிராயப்பாளையம் வழியாக இறங்கி வந்து கள்ளக்குறிச்சியில் சரக்கு எடுப்பதை எடுத்துக்கொள்வோம். அவர்கள் பில்லில் உப்பு, புளி, பருப்பு, எண்ணெய், சோப்பு, தீப்பெட்டி, பிஸ்கட் என்று முப்பது நாற்பது வரிகள் இருக்கும். பெரும்பாலும் எல்லாம் அடித்து முடிகிற நேரத்தில்தான் அவருக்கு நினைவு வரும்: "துவரம்பருப்பு அஞ்சு வேண்டாம், மூணு போதும். ரவை மட்டும் ஒரு மூட்டை சேத்துக்குங்க." துவரம்பருப்பு இருப்பது ஏழாவது வரி, நாம் நிற்பது முப்பத்து நான்காவது வரி. மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டால் அந்த மனிதர் மூட்டைகளோடு அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அவர் அவசரப்படுகிறார், அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நிற்கிறார்கள்.

பெரிய கீபோர்டில் மேல் அம்பை அழுத்திப் பிடித்தால் கோடு சரசரவென்று மேலே ஏறிவிடும். குட்டிக் கீபோர்டில் ஒரு கை எப்.என். விசையைப் பிடிக்க, இன்னொரு கை எழுத்து விசையைத் தட்ட வேண்டும். பழகாத கை எப்.என். விசையைக் கொஞ்சம் முந்தி விட்டுவிட்டால் அம்புக்குப் பதிலாக எழுத்தே விழுகிறது. சரக்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நாலு 'ஐ' நிற்கும். இரண்டு முறை இப்படி ஆனால் பில் போடுகிறவர் என்ன செய்வார்? அச்சடித்த பில்லில் பேனாவால் ஐந்தை அடித்து மூன்று என்று எழுதி, தொகையையும் கையால் திருத்தி நீட்டிவிடுவார். "ராத்திரி கம்ப்யூட்டரில் சரி பண்ணிக்கலாம்" என்பார். ராத்திரி யாரும் சரி பண்ணுவதில்லை என்பது நமக்குத் தெரியும்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் இப்படிச் செய்தால் நம் கடை இருப்பு மட்டும்தான் உதைக்கும். இப்போது அப்படியில்லை. கம்ப்யூட்டரில் உள்ள தொகைதான் நம் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்குப் போகிறது. அதுவே வாங்கியவரின் 2-பி படிவத்தில் வந்து நிற்கிறது. 2022 ஜனவரி முதல், விற்றவர் கணக்கில் காட்டியது வாங்கியவர் படிவத்தில் வந்து சேர்ந்தால்தான் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு. அவர் கையில் உள்ள காகிதத்தில் ஒரு தொகை, படிவத்தில் வேறு தொகை என்றால், மூன்று மாதம் கழித்து அவருடைய ஆடிட்டர் கேட்கும்போது இரண்டு கடைக்காரர்களும் பழைய பில்லைத் தேட வேண்டியதுதான்.

அரிசி மண்டிக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. அதன் பிறகு 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். சரக்குப் பட்டியலில் 'பொன்னி 25 கிலோ', 'பொன்னி 26 கிலோ' என்று இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் உட்கார்ந்திருக்கின்றன. அம்புக்குறியை ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினால் வரி உள்ள சரக்கு வரி இல்லாததாகவும், வரி இல்லாதது உள்ளதாகவும் பில்லில் ஏறிவிடும். பெரிய கீபோர்டிலேயே இந்தத் தவறு நடக்கிறது. கை தடுமாறும் புதுக் கீபோர்டில் கேட்கவே வேண்டாம்.

ஆரம்பத்தில் அம்புக்குறியே இல்லை

அம்புக்குறி இல்லாத கீபோர்டு ஏதோ இன்றைய இளைஞர்களின் மோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அம்புக்குறிதான் பின்னால் வந்து சேர்ந்தது. தட்டச்சுப் பொறியில் அம்புக்குறி கிடையாது. 1955-இல் கோத்ரெஜ் நம் நாட்டில் செய்யத் தொடங்கிய டைப்ரைட்டரிலும் கிடையாது. காகிதத்தை உருட்டுவதும் வண்டியைத் தள்ளுவதும்தான் அங்கே மேல், கீழ், இடம், வலம்.

1976-இல் வந்த ஏ.டி.எம்-3ஏ என்ற கம்ப்யூட்டர் முனையத்தில் எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளின் மேலேயே அம்பு வரைந்திருந்தார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அந்த முனையத்தை வைத்து வேலை செய்த பில் ஜாய் என்பவர் எழுதிய 'வி.ஐ.' என்ற நிரலில் அந்த நான்கு எழுத்துகளே அம்புகளாயின. கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 1978-இல் வந்த வேர்ட்ஸ்டாரை நம்மில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் சென்டரில் முதல் மாதம் கற்றுக்கொடுத்ததே அதுதான். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு எஸ் என்றால் இடது, டி என்றால் வலது, இ என்றால் மேல், எக்ஸ் என்றால் கீழ். கீபோர்டில் அந்த நான்கு எழுத்தும் வைரம் போல நான்கு மூலையில் இருப்பதைப் பார்க்கலாம். இன்றைய குட்டிக் கீபோர்டு செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். கன்ட்ரோலுக்குப் பதில் எப்.என்.

1981-இல் ஐ.பி.எம். கம்பெனி பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அம்புக்குறிகளை எண் பலகையின் 2, 4, 6, 8 விசைகளில் வைத்தது. நம்லாக் விசையைத் தட்டினால் எண், மறுபடி தட்டினால் அம்பு. தனியாகத் தலைகீழ் 'டி' வடிவில் அம்புக்குறிகளை வைத்தது 1982-இல் வந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் எல்.கே.201 என்ற கீபோர்டு. ஐ.பி.எம். கம்பெனியின் 101 விசைக் கீபோர்டு 1980-களின் நடுவில் அதையே பின்பற்றியது, உலகம் முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது. இதற்கு நடுவில் ஆப்பிள் கம்பெனி 1984-இல் வெளியிட்ட மெக்கின்டாஷில் அம்புக்குறியை வேண்டுமென்றே விட்டுவிட்டது, ஜனங்கள் மவுசுக்குப் பழகட்டும் என்று. 1986-இல் வந்த மெக்கின்டாஷ் பிளஸ்ஸின் கீபோர்டில் அம்புக்குறி திரும்பி வந்துவிட்டது. வாங்குகிறவர் கேட்பதைக் கடைசியில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பது ஆப்பிளுக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

இன்றைய குட்டிக் கீபோர்டுகளுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது 1996-இல் ஜப்பானில் பி.எப்.யூ. கம்பெனி வெளியிட்ட 60 விசைக் கீபோர்டு. பேராசிரியர் எயீத்தி வாதா என்பவரின் யோசனை. நிரல் எழுதுகிறவர்களுக்காக, கை எழுத்து வரிசையை விட்டு நகராமலே வேலை நடக்க வேண்டும் என்று செய்யப்பட்டது அது. இதை நாம் மனதில் வைக்க வேண்டும். நாள் முழுக்க எழுத்து அடிக்கிறவருக்காகப் பிறந்த பொருளை, நாள் முழுக்க எண் அடிக்கிற நாம் வாங்கி வைத்திருக்கிறோம்.

வியாபாரி வீட்டில் பிறந்த நிரல்

நம் கடைகளில் பலவற்றில் ஓடுவது டாலி. அது உருவான கதையை இங்கே சொல்வது பொருத்தம். பெங்களூரில் ஆலைகளுக்கும் ஜவுளி மில்களுக்கும் மூலப்பொருளும் உதிரி பாகங்களும் கொடுத்து வந்த ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தம் கணக்கை வைக்க ஏற்ற நிரல் கிடைக்காமல், தம் மகன் பரத் கோயங்காவிடம் நீயே செய்து கொடு என்று சொல்லியிருக்கிறார். 1986-இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி 1999-இல் டாலி சொல்யூஷன்ஸ் ஆயிற்று. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மவுஸ் பரவலாவதற்கு முன்னால், எம்.எஸ். டாஸ் காலத்தில் பிறந்த நிரல் என்பதால் இன்றைக்கும் அதில் எல்லாமே கீபோர்டாலேயே நடக்கும். அம்புக்குறியைத் தொடாமல் அதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பலர் கவனித்ததில்லை.

டாலியின் பட்டியல் ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து மட்டும் தனித்துத் தெரியும்; அந்த எழுத்தைத் தட்டினாலே உள்ளே போய்விடும், அம்பால் இறங்கி வரத் தேவையில்லை. டாலி பிரைமில் ஆல்ட் ஜி தட்டி, வேண்டிய அறிக்கையின் பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் போதும். பில் போடும்போது டேப் அடுத்த கட்டத்துக்கும், ஷிப்ட்டோடு டேப் முந்தைய கட்டத்துக்கும் கொண்டு போகும். வேண்டாத வரியை நீக்கக் கன்ட்ரோல் டி. பில்லைச் சேமிக்கக் கன்ட்ரோல் ஏ. சரக்கின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடிக்க அடிக்கப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும்.

இங்கேதான் நாம் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இருக்கிறது. பட்டியலில் அம்பால் நடந்து போய்ச் சரக்கைப் பிடிப்பது பழைய பழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதைவிட நம்பகமானது. ஒவ்வொரு சரக்குக்கும் மாற்றுப் பெயராக ஒரு சிறு குறியீடு கொடுத்துவிடலாம். பொன்னி 25 கிலோவுக்குப் 'பொ25', 26 கிலோவுக்குப் 'பொ26'. அதை அடித்து என்டர் தட்டினால் அந்தச் சரக்குதான் வரும், பக்கத்து வரி வராது. குட்டிக் கீபோர்டு வாங்கிய நம் உறுப்பினர் ஒருவர் வேறு வழியில்லாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இப்படிக் குறியீடு கொடுத்தார். இப்போது பெரிய கீபோர்டு உள்ள இன்னொரு மேசையிலும் அவருடைய ஆட்கள் குறியீட்டையே பயன்படுத்துகிறார்கள். மூட்டை மாறிப் போகும் புகார் குறைந்துவிட்டது என்கிறார். கீபோர்டு எதுவாக இருந்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

எக்செல் வைத்து இருப்புப் பட்டியல் போடுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. என்டர் கீழே இறக்கும், ஷிப்ட்டோடு என்டர் மேலே ஏற்றும், டேப் வலது, ஷிப்ட்டோடு டேப் இடது. நான்கு திசையும் ஆயிற்று. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் மாநிலம் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் முதல் எழுத்தைத் தட்டினாலே பட்டியல் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும்.

ஆனால் டாலியில் எப் 8 விற்பனை, எப் 9 கொள்முதல், எப் 5 பணம் கொடுத்தது, எப் 6 பணம் வந்தது என்று மேல் வரிசை விசைகளைச் சதா தட்ட வேண்டியிருக்கிறதே? குட்டிக் கீபோர்டில் அவற்றுக்கும் எப்.என். வேண்டும், எப்.என். பிடித்து 8 தட்டினால் எப் 8. எப்.என். பிடிக்க மறந்து 8 மட்டும் தட்டினால் கட்டத்தில் 8 என்ற எண் விழும். முந்தைய பில்லைப் பார்க்கப் பேஜ் அப் வேண்டும், அதற்கும் எப்.என். தான். ஆக நாள் முழுக்க ஒரே விரல் ஒரே விசையை அழுத்திக்கொண்டிருக்கும். மாலையில் சுண்டு விரல் வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால் சாக்குப் போக்கு என்று எண்ண வேண்டாம்.

'ழ' காணாமல் போகும் கதை

பில்லையோ சரக்குப் பெயரையோ தமிழில் அடிக்கிற கடைகள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைமுறையில், உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் வருகின்றன. அதில் சாய்கோடு விசையில் இருப்பது 'ழ'. சில குட்டிக் கீபோர்டுகளில் இடம் போதாமல் வலது கீழ் மூலையில் உள்ள இதே சாய்கோடு விசையை மேல் அம்பாக மாற்றிவிடுகிறார்கள். அந்த நிலையில் வைத்துவிட்டால் புழுங்கல் அரிசியில் 'ழ' அடிக்கப் போனால் கோடு மேல் வரிக்குத் தாவிவிடும். மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், தாழம்பூ எல்லாவற்றுக்கும் இதே கதி. மலையிலிருந்து மரவள்ளியும் தினையும் சாமையும் கடுக்காயும் வாங்குகிற நம் பக்கத்து வியாபாரிக்குக் கிழங்கு என்று எழுத முடியாத கீபோர்டு எதற்கு? வாங்கும்போதே தமிழில் 'புழுங்கல்' என்று அடித்துப் பாருங்கள். கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார்.

அம்புக்குறிகள் எழுத்து விசைகளில் எப்.என். உடன் மட்டும் வருகிற வகையில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்99 எழுத்துகள் முழுவதும் அந்த 61 விசைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

எண் பலகையை விட முடியுமா?

நம் கருத்தில் முடியாது. அம்புக்குறியை விட்டுக்கூட இருந்துவிடலாம். எண் பலகையை விட்டு மளிகைக் கடையில் இருக்க முடியாது. 47.350 கிலோ, 18.75 ரூபாய் என்று நாள் முழுக்க அடிக்கிறவர் மேல் வரிசை எண்களைப் பார்த்துப் பார்த்து அடிப்பதற்கும், எண் பலகையில் கண்ணைத் தராசின் மேல் வைத்துக்கொண்டே அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் கடைக்கு வந்து நின்று பார்த்தால் தெரியும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்புகள் நம் பிள்ளைகள் மூலமாகச் சில கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. எண் பலகை இல்லாத அந்தச் சிறு லேப்டாப்பில் பில் போட்டுப் பார்த்தவர்கள் ஒரு தனிக் கீபோர்டு வாங்கிச் செருகியதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எண் பலகை மட்டும் தனியாக, யு.எஸ்.பி. ஒயரோடு சிறிய பொருளாகக் கிடைக்கிறது. அகலம் எட்டு ஒன்பது சென்டிமீட்டர்தான். அதைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குட்டிக் கீபோர்டை மேசைக்குக் கீழே இழுப்பறையிலோ எதிர்ப்பக்கத்திலோ வைத்துக்கொள்ளலாம். இன்னொரு லாபம், அதில் நம்லாக்கை அணைத்துவிட்டால் 8, 4, 6, 2 ஆகிய நான்கும் அம்புக்குறிகளாகிவிடும். 1981-இல் ஐ.பி.எம். செய்ததேதான். நீண்ட மொத்த வியாபாரப் பில்லைத் திருத்தும்போது மட்டும் அணைத்து, திருத்தியதும் போட்டுவிடலாம். போட மறந்தால் எண் அடிப்பதாக நினைத்துக்கொண்டு கோட்டை அலையவிடுவீர்கள், ஆகவே நம்லாக் விளக்கு கண்ணில் படுகிற மாதிரியான பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய சிறிய லேப்டாப்புகள் சிலவற்றில் நம்லாக் போட்டால் ஜே, கே, எல் எழுத்துகள் 1, 2, 3 ஆக மாறிவிடும் என்பதையும் சோதித்துக்கொள்க.

அப்படியே அம்புக்குறியும் எண் பலகையும் இரண்டும் வேண்டும், இடமும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு, இடைவெளிகளை எல்லாம் நெருக்கி 96 முதல் 100 விசை வரை அமைத்த கீபோர்டுகள் வந்திருக்கின்றன. அரை அடி மிச்சமாகாது, நாலைந்து விரல்கடை மிச்சமாகும். மொத்த வியாபாரக் கடைகளுக்கு நாம் இதையே சொல்வோம்.

பழகும் காலம்

வாங்கியாகிவிட்டது, திருப்பித் தர மனமில்லை என்றால் பழகத்தான் வேண்டும். தீபாவளி, பொங்கல், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு ஆகிய நாட்களில் தொடங்கவே கூடாது. பழைய கீபோர்டைக் கழற்றி எறியாமல், பக்கத்திலேயே செருகி வைத்திருங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கீபோர்டும் வேலை செய்யும். காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் புதியதில் அடித்து, கூட்டம் சேர்ந்ததும் பழையதுக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும் என்பதை ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு மேசை உள்ள கடையில் இரண்டிலும் ஒரே கம்பெனியின் ஒரே வகைக் கீபோர்டு இருக்க வேண்டும். ஒன்றில் அம்பு ஐ, ஜே, கே, எல். மற்றொன்றில் மூலையில் என்றால், ஆள் மாறி உட்காரும் ஒவ்வொரு முறையும் தவறு நடக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால் மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற நிரலைக் கொண்டு எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே மாற்றியமைக்கவும் முடியும். இதை விவரம் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். மாற்றிக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போனால் யாருக்கும் புரியாது.

நாம் பார்த்த அளவில், இளைஞர்களைவிட டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த வயதான கணக்கர்கள் இதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்த கைக்கு, விசை எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஒரு முறை சொன்னால் போதும். இரண்டு விரலால் தேடித் தேடி அடிக்கிறவர்தான் தடுமாறுகிறார். ஆகவே புதுச் சாமான் வந்துவிட்டது, பெரியவரை ஓரமாக உட்கார வைப்போம் என்று எந்த முதலாளியும் அவசரப்பட வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்புக்குறி இல்லாத கீபோர்டை நாம் எல்லோரும் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். செல்போனில் வாட்ஸ்அப் மூலம் ஆர்டர் அனுப்பும்போது 'சர்க்கரை 10, மைதா 26' என்று அடித்துவிட்டு 26-ஐ 25 ஆக்க விரலால் குத்திக் குத்திச் சலித்துப்போகிறவர்கள் ஏராளம். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கீபோர்டு இருந்தால், ஸ்பேஸ் பார் மேல் விரலை வைத்து இடமோ வலமோ மெல்ல இழுத்துப் பாருங்கள். கோடு ஒவ்வொரு எழுத்தாக நகரும். ஐபோனில் ஸ்பேஸ் பாரைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து நகர்த்த வேண்டும். மலையிலிருந்து போனிலேயே சரக்குப் பட்டியல் அனுப்புகிற நம் சிறு வியாபாரிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் தவறான எண்ணிக்கையில் மூட்டை ஏற்றி அனுப்புவது குறையும்.

கடைசியாக வாங்கும் விதம். எப்.என். விசை எந்தப் பக்கம் இருக்கிறது, அம்புக்குறிகள் எந்தெந்த விசையில் அச்சாகியிருக்கின்றன என்பதைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். விசையின் மேல் அச்சாகாமல் தாளில் மட்டும் கொடுத்திருந்தால் வேண்டாம். தாள் ஒரு வாரத்தில் தொலைந்துவிடும். ஒயர் இல்லாத வகையில் பேட்டரி தீர்ந்துபோவது எப்போதும் கூட்ட நேரத்தில்தான் என்பதால் ஒயர் உள்ளதே கடைக்கு நல்லது. கீபோர்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சாதாரண முறையில் வரி கட்டுகிறவர்கள் தம் ஜி.எஸ்.டி. எண்ணைச் சொல்லிப் பில் கேட்டு வாங்கினால் அந்த வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்த வரவு கிடையாது, ஆனால் உத்தரவாதத்துக்காகவாவது பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பழைய 104 விசைக் கீபோர்டைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். துடைத்து, பாலிதீன் பையில் சுற்றி, கல்லாவுக்கு மேலே பரணில் வைத்திருங்கள்.